ஓட்டானி 2017-ல் ஏஞ்சல்ஸுக்குப் போனது தவறா? – விவாத இழை

ஏழாம்_இன்னிங்ஸ்:

அமெரிக்க பேஸ்பாலில் டாட்ஜர்ஸ் அணி 2024-லும் 2025-லும் அடுத்தடுத்துக் கோப்பை வென்றதிலிருந்து ஒரு பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. இப்போது அங்கே ஆடும் ஜப்பான் வீரர் ஷோஹேய் ஓட்டானி, முந்தைய அணியான ஏஞ்சல்ஸில் ஆறு வருஷத்தை வீணாக்கிவிட்டார், 2017-லேயே டாட்ஜர்ஸுக்குப் போயிருந்தால் இந்நேரம் விரல் நிறைய கோப்பை மோதிரம் இருந்திருக்கும் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2017 டிசம்பரில் அந்தப் பையன் தேடியது கோப்பை வெல்லப்போகும் அணியை அல்ல. தன்னைப் பந்தும் வீசவிட்டு மட்டையும் பிடிக்கவிடும் அணியைத்தான் தேடினார். 1919-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஆடிய பேப் ரூத்துக்குப் பிறகு மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ யாரும் இரண்டையும் தொடர்ந்து செய்து காட்டவில்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கேட்டு வாங்க வந்தவர் அவர்.

பணத்துக்காக எடுத்த முடிவும் இல்லை. 25 வயது நிரம்பாத வெளிநாட்டு வீரருக்கு ஓர் அணி தரக்கூடிய கையெழுத்துத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அவருக்கு அப்போது 23. இன்னும் இரண்டு வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தால் 20 கோடி டாலருக்கு மேல் பேசலாம் என்று அப்போதே கணித்தார்கள். அவர் காத்திருக்கவில்லை. 23 லட்சத்து 15 ஆயிரம் டாலர் கையெழுத்துத் தொகை, முதல் வருஷச் சம்பளம் 5 லட்சத்து 45 ஆயிரம். அதாவது லீகின் குறைந்தபட்சச் சம்பளம். அவரை விடுவித்த ஜப்பானின் நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் அணிக்குப் போனது 2 கோடி டாலர். வீரருக்குக் கிடைத்த கையெழுத்துத் தொகையைப்போல எட்டு மடங்குக்கு மேல்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாங்க, பேசுவோம்.

புதுசா_வந்தவன்:

வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன், பேஸ்பால் இப்போதான் பழகுறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். பந்தும் போட்டு பேட்டும் பிடிக்கிற ஆல்ரவுண்டர் நமக்குப் புதுசே இல்லை. இங்கே ஏன் அதை இவ்வளவு பெரிசாப் பேசறாங்க? இன்னொண்ணு, ஒரு அணிதானே வீரரை எடுக்கும், வீரர் எப்படி அணியைத் தேர்ந்தெடுத்தார்?

ஸ்கோர்கார்டு:

நல்ல கேள்வி, முதல் பாதிக்கு நான் சொல்கிறேன். மேஜர் லீக் சீசன் என்றால் ஆறு மாதத்தில் 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். தொடக்க பிட்ச்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வீச்சாளர், ஒரு நாள் வந்து 90, 100 பந்து முழு பலத்தோடு வீசினால் அடுத்த நான்கைந்து நாள் தோளுக்கும் முழங்கைக்கும் ஓய்வு கொடுத்தாக வேண்டும். மட்டையாளரோ தினமும் ஆட வேண்டியவர். ஆக ஒருவருடைய ஓய்வு நாள் இன்னொருவருடைய வேலை நாள். இரண்டையும் ஒரே உடம்பு செய்வது என்றால் எங்கே ஓய்வு, எப்போது பயிற்சி என்பதே பெரிய கணக்கு. பள்ளியில் இரண்டிலும் கெட்டிக்காரனாக இருக்கும் பையனை ஏதாவது ஒன்றை எடு என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம்.

இதில் டிஎச் விதி முக்கியம். பிட்ச்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் ஃபீல்டிங் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்கன் லீகில் 1973 முதல் இது உண்டு. நேஷனல் லீகில் நிரந்தரமாக வந்தது 2022-ல்தான். ஆகவே 2017-ல் ஒரு நேஷனல் லீக் அணி ஓட்டானியை எடுத்திருந்தால், பந்து வீசாத நாட்களில் அவரை அவுட்ஃபீல்டில் நிறுத்தி எறியவும் ஓடவும் வைத்தால்தான் அவருடைய மட்டை கிடைக்கும்.

ஒரு சின்ன சேர்க்கை: கறுப்பின வீரர்களை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் அவர்கள் தனியாக நடத்திய நீக்ரோ லீகுகளில் புல்லட் ரோகன், மார்ட்டின் டிஹிகோ போன்றவர்கள் இரண்டையும் பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள். ரூத் பெயரை மட்டும் சொல்லி அவர்களை விட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது.

சப்போரோ_பனி:

இரண்டாம் பாதிக்கு நான். ஜப்பான் வீரர் ஒருவர் தன் அணியைத் தானே தேர்ந்தெடுப்பது என்பதே கொஞ்ச காலமாக வந்த வசதிதான். முன்பெல்லாம் அமெரிக்க அணிகள் மூடிய உறையில் ஏலத் தொகை அனுப்பும். அதிகம் எழுதிய ஒரே அணியோடு மட்டும்தான் வீரர் பேசலாம். 2000-ல் ஜப்பான் நட்சத்திரம் இச்சிரோவுக்கு சியாட்டில் மரைனர்ஸ் ஏறத்தாழ 1 கோடியே 31 லட்சம் டாலர் எழுதியது. 2006-ல் மட்சுசாகாவுக்கு பாஸ்டனும் 2011-ல் டார்விஷுக்கு டெக்சஸும் ஆளுக்கு 5 கோடிக்கு மேல். வீரர் வேண்டாம் என்றால் திரும்பி ஜப்பானுக்கே போக வேண்டும், வேறு வழி கிடையாது. 2013 கடைசியில் விதியை மாற்றினார்கள்: விடுவிக்கும் அணி அதிகபட்சம் 2 கோடி கேட்கலாம், அதைத் தர சம்மதிக்கும் எந்த அணியோடும் வீரர் பேசலாம்.

ஓட்டானிக்கு அந்தக் கதவு திறந்தது. கையெழுத்துத் தொகைக்கும் வரம்பு இருந்ததால் 30 அணிகளில் யாருமே அவரைப் பணத்தால் மடக்க முடியாத நிலை. அவருடைய முகவர் நெஸ் பலேலோ என்ன செய்தார் தெரியுமா? 30 அணிகளுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். பிட்ச்சராக அவரை எப்படி மதிப்பிடுகிறீர்கள், மட்டையாளராக எப்படி, மருத்துவ வசதி என்ன, பயிற்சி முறை என்ன, புது ஊரில் அவர் பழகிக்கொள்ள எப்படி உதவுவீர்கள் என்றெல்லாம். பதில் ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் வர வேண்டும். ஐம்பது வருஷ அனுபவமுள்ள நிர்வாகங்கள் 23 வயதுப் பையனுக்குத் தேர்வு எழுதின! எனக்கு அது இன்றைக்கும் பெரிய சந்தோஷம்.

சியாட்டில்_மழை:

இந்த இழையைப் பார்த்ததும் பழைய வலி கிளம்பிடுச்சு. நான் இங்கே சியாட்டில்லதான் இருக்கேன், மரைனர்ஸ் ரசிகை. அந்த டிசம்பர்ல நாங்க எப்படி நம்பினோம்னு வார்த்தையால சொல்ல முடியாது.

அந்த நேரத்துல இருந்த கணக்கைப் பாருங்க. கடைசிச் சுற்றுக்கு வந்தது ஏழு அணி: ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், பாட்ரேஸ், மரைனர்ஸ், ரேஞ்சர்ஸ், கப்ஸ். யாங்கீஸை முதல் சுற்றுலயே வெளியே அனுப்பிட்டார். மேற்குக் கரையும் சின்ன ஊரும்தான் அவர் மனசுல இருக்கற மாதிரி தெரியுதுன்னு யாங்கீஸ் பொது மேலாளர் பிரையன் கேஷ்மனே சொன்னார். இந்த ஏழுல நாலு அணி, அதாவது டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், பாட்ரேஸ், கப்ஸ், முன்னாடி வரம்பை மீறிச் செலவு பண்ணின தண்டனையில 3 லட்சம் டாலருக்கு மேல தரவே முடியாது. அந்த நாலும் நேஷனல் லீக் வேற. மிச்சம் மூணு. அதுல எங்ககிட்டதான் அதிகப் பணம், 35 லட்சத்து 57 ஆயிரம். எங்க பொது மேலாளர் ஜெர்ரி டிபோட்டோ வளர்ற இளம் வீரர்களை வேற அணிகளுக்குக் கொடுத்து அந்த வரம்பைக் கூட்டினார். டிஎச் இருந்துச்சு, இச்சிரோ ஆடின ஊரு, இவாகுமா ஆடின ஊரு. எல்லாம் இருந்தும் ஏஞ்சல்ஸ்ங்கறார்!

ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிக்கறேன். எனக்குத் தோணறது இதுதான்: இங்கே வந்திருந்தா முதல் நாள்லேருந்து அவர் அடுத்த இச்சிரோ. ஏஞ்சல்ஸ் ஊரான அனஹைம்ல அப்படி யாரோட நிழலும் இல்ல. இது என் ஊகம் மட்டும்தான், அவர் அப்படிச் சொன்னதில்ல. முகவர் அறிக்கையில ஏஞ்சல்ஸோட ஒரு உண்மையான பிணைப்பை உணர்ந்தார்னு மட்டும்தான் இருந்துச்சு.

ஸ்கோர்கார்டு:

அந்தப் பிணைப்பு என்ன கொடுத்தது என்று கேட்கத்தான் நானும் வந்தேன். 2018 முதல் 2023 வரை ஏஞ்சல்ஸின் வெற்றி தோல்வி: 80-82, 72-90, 26-34, 77-85, 73-89, 73-89. ஆறு சீசனிலும் தோல்விதான் அதிகம். பிளேஆஃப் ஒரு முறைகூட இல்லை. அதே அணியில் மைக் ட்ரவுட்டும் இருந்தார். ஒரே தலைமுறையின் இரண்டு மகத்தான வீரர்களை வைத்துக்கொண்டு ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாத நிர்வாகம் அது. அதே காலத்தில் டாட்ஜர்ஸ் ஆறு முறையும் பிளேஆஃப், 2020-ல் கோப்பை.

ஏஞ்சல்ஸின் கோளாறு 2017-லேயே கண்ணுக்குத் தெரிந்தது. பிட்ச்சர்கள் வரிசையாகக் காயப்பட்டுக்கொண்டிருந்த அணி, வளரும் வீரர்களும் போதவில்லை. கேள்வித்தாளில் மருத்துவ வசதி பற்றிக் கேட்டவர் இதையும் பார்த்திருக்க வேண்டும். 2018 அக்டோபரில் முழங்கை அறுவை சிகிச்சை, 2019 முழுக்கப் பந்து வீசவில்லை, 2020-ல் வீசியது மொத்தம் ஒன்றே முக்கால் இன்னிங்ஸுக்கும் குறைவு (ஓர் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ்), 2023 ஆகஸ்டில் மறுபடி அதே முழங்கை. மனிதனுக்கு விளையாட்டு வாழ்வு எத்தனை வருஷம்? அதில் 23 முதல் 29 வரை கொடுத்துவிட்டார். எனக்கு ஏற்கவே முடியவில்லை.

ஏழாம்_இன்னிங்ஸ்:

வெற்றி தோல்விக் கணக்கை நான் மறுக்கவில்லை. முழங்கைக்கு ஏஞ்சல்ஸைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தசைநாரில் லேசான சேதம் இருந்து 2017 அக்டோபரிலேயே ஜப்பானில் ஊசி போட்டிருக்கிறார். அதைச் சுமந்துகொண்டுதான் வந்தார், எந்த அணிக்குப் போயிருந்தாலும் அது கூடவே போயிருக்கும்.

சரி, அந்த அணி என்ன செய்தது? 2018 தயாரிப்பு ஆட்டங்களில் அவருடைய அடி சராசரி .125, அதாவது எட்டு வாய்ப்புக்கு ஒரு ஹிட். பந்து வீச்சோ அதைவிட மோசம். பள்ளிப் பையன் மாதிரி அடிக்கிறான், கீழ்மட்ட மைனர் லீகுக்கு அனுப்புங்கள் என்று எழுதினார்கள். ஏஞ்சல்ஸ் அனுப்பவில்லை. அவருக்காகவே பிட்ச்சர் வரிசையை ஆறு பேராக நீட்டினார்கள். ஏறக்குறைய வாரம் ஒரு முறை பந்து வீச்சு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் ஓய்வு, நடுவில் டிஎச். காலை உயரத் தூக்கி அடிக்கும் பழக்கத்தை சீசன் தொடங்கும் நேரத்தில் விட்டுவிட்டு நுனிக்காலைத் தட்டி அடிக்கத் தொடங்கினார். ஏப்ரல் 3, 4, 6 மூன்று நாளும் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது). ஏப்ரல் 8-ல் ஓக்லாந்துக்கு எதிராக ஏழாவது இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸ் தொடவிடாமல், மொத்தம் 12 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது). ஒரே வாரத்தில் வாயடைத்துப் போனார்கள் எல்லோரும்!

பொறுமையில்லாத ஓர் அணியில் அந்த மார்ச் மாதம் எப்படி முடிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2019, 2020 இரண்டிலும் பந்து வீச்சு ஏறக்குறைய பூஜ்யம். 2020-ல் மட்டையும் விழுந்துவிட்டது, சராசரி .190. ‘போதும், ஒன்றை மட்டும் எடு’ என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் அதைவிடப் பெரிய சாக்கு கிடைக்காது. ஏஞ்சல்ஸில் பொது மேலாளர் பெர்ரி மினாசியனும் மேலாளர் ஜோ மேடனும் 2021-ல் நேர்மாறாகச் செய்தார்கள். ஓய்வு நாள் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டு, உனக்கு எப்போது முடியும் என்று நீயே சொல் என்றார்கள். அந்த வருஷம் 46 ஹோம் ரன், பிட்ச்சராக 9 வெற்றி 2 தோல்வி, ஒருமனதாக எம்விபி (லீகின் சிறந்த வீரர் விருது). டாட்ஜர்ஸ் இன்று ரசிக்கும் ஓட்டானி அந்த அனுமதியில் உருவானவர்.

சியாட்டில்_மழை:

இதை ஒத்துக்கறேன். டாட்ஜர்ஸ் 2017-ல அவரைப் பார்க்கப் போனப்போ அவங்க நட்சத்திரங்கள் கெர்ஷா, ஜஸ்டின் டர்னர் எல்லாரையும் கூட்டிட்டுப் போனாங்க. டிஎச் இருக்கற லீகுக்குத்தான் போறதா அவர் முன்னாடியே முடிவு பண்ணிட்டார் போல, எங்க நேரம்தான் வீணாச்சுன்னு கெர்ஷா அப்புறம் வெளிப்படையாவே குறைப்பட்டார். அப்போ டாட்ஜர்ஸ் அவர் கையில இருந்து நழுவல, கணக்குலயே வரல.

சப்போரோ_பனி:

எல்லோரும் 2017-ஐயே பேசுகிறோம். என் பார்வையில் அவருடைய பெரிய தேர்வு 2012-ல் நடந்தது. அது தெரியாமல் 2017 புரியாது.

இவாத்தே மாநிலத்தின் ஹனமாக்கி ஹிகாஷி பள்ளி. கடைசி வருஷம் மாநிலப் போட்டியில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பையன், அக்டோபரில் செய்தியாளர்களைக் கூப்பிட்டு ஜப்பான் அணி எதுவும் வேண்டாம், நேராக அமெரிக்கா போகிறேன் என்று அறிவித்தார். அது விளையாட்டான பேச்சல்ல. ஜூனிச்சி டஸாவா என்ற பிட்ச்சர் 2008-ல் ஜப்பான் டிராஃப்டைத் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) தவிர்த்துவிட்டு அமெரிக்கா போக முடிவெடுத்ததும், இப்படிப் போகிறவர்கள் திரும்பி வந்தால் சில வருஷம் ஜப்பான் அணி எதிலும் சேரக்கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். பள்ளியிலிருந்து போகிறவருக்கு அது மூன்று வருஷம். அந்த அபாயம் தெரிந்தும் சொன்னார்.

மற்ற அணிகள் விலகிக்கொண்டன. ஃபைட்டர்ஸ் மட்டும் அக்டோபர் 25-ல் அவரை முதல் இடத்தில் டிராஃப்ட் செய்தது. பையன் வர மாட்டேன் என்றான். அதன்பிறகு அவர்கள் செய்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. வீட்டுக்குப் போய்க் கெஞ்சுவதோடு நிற்கவில்லை. ‘கனவுக்கான வழிகாட்டி’ என்ற பொருளில் ஓர் ஆவணம் தயாரித்தார்கள். இளம் வயதிலேயே நேராக வெளிநாடு போன வீரர்கள் என்ன ஆனார்கள், கொரியப் பள்ளி மாணவர்கள் அமெரிக்காவில் எவ்வளவு தூரம் வந்தார்கள், உள்நாட்டில் முதிர்ந்து போனவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்று எல்லாம் அதில் அடுக்கியிருந்தது. உன் கனவு தப்பு என்று ஒரு வரிகூட இல்லை. உன் கனவுக்கு எங்கள் வழியாகப் போவது நல்லது என்றார்கள். கூடவே மேலாளர் ஹிடேகி குரியாமா இன்னொன்றையும் வைத்தார்: இங்கே நீ பந்தும் வீசலாம், மட்டையும் பிடிக்கலாம்.

கவனியுங்கள், அமெரிக்க அணிகள் அவரைப் பிட்ச்சராகத்தான் தேடி வந்தன. அவரும் பிட்ச்சராகப் போகத்தான் நினைத்திருந்தார். இரண்டையும் செய் என்று அவர் கையில் கொடுத்தது ஃபைட்டர்ஸ். டிசம்பரில் சம்மதித்தார், டார்விஷ் போட்டிருந்த 11-ஆம் எண் சட்டையைக் கொடுத்தார்கள். பழைய நட்சத்திரங்கள் பலர் இது கேலிக்கூத்து, பையனைக் கெடுக்கிறார்கள் என்று திட்டினார்கள். 2014-ல் பிட்ச்சராக 11 வெற்றி, மட்டையில் 10 ஹோம் ரன். 2016-ல் 10 வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி 1.86, 22 ஹோம் ரன், .322 அடி சராசரி, ஜப்பான் தொடர் கோப்பை. திட்டியவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள்.

இப்படி ஒரு நிர்வாகத்தின் கையில் ஐந்து வருஷம் வளர்ந்தவர் அடுத்த அணியிடம் எதைத் தேடுவார்? தன்னை நம்பிக் காத்திருக்கும் ஆளைத்தான். அந்தக் குரியாமாதான் 2023 உலகக் கோப்பையில் ஜப்பானின் மேலாளர். இறுதி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் ஓட்டானியைப் பந்து வீச அனுப்பினார். எதிரே நின்றவர் ட்ரவுட். மூன்றாவது ஸ்ட்ரைக், ஜப்பான் 3-2. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதுசா_வந்தவன்:

சப்போரோ_பனி, இதைப் படிச்சப்புறம்தான் மொத்தக் கதையும் பிடிபடுது. நன்றி. அப்போ 2023-ல டாட்ஜர்ஸ் போனது பணத்துக்கா? 70 கோடி டாலர்னு படிச்சேன்.

ஸ்கோர்கார்டு:

பத்து வருஷம், 70 கோடி. ஆனால் அதில் 68 கோடியை அவரே தள்ளிவைக்கச் சொன்னார். ஆடும் காலத்தில் வருஷத்துக்குக் கைக்கு வருவது 20 லட்சம் டாலர். மீதி 2034 முதல் 2043 வரை, வட்டி இல்லாமல். இதனால் அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்டும் வரிக் கணக்கில் அவர் பெயரில் ஏறுவது வருஷத்துக்குச் சுமார் 4.6 கோடிதான். மிச்சமான இடத்தில் மற்றவர்களை வாங்கட்டும் என்பது அவர் எண்ணம். அதே டிசம்பரில் டாட்ஜர்ஸ் ஜப்பான் பிட்ச்சர் யமமோட்டோவை 32.5 கோடிக்கு எடுத்தது. அணி உரிமையாளர் மார்க் வால்டரோ, தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மனோ விலகினால் தானும் விலகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் போட்டுக்கொண்டார். ஜயன்ட்ஸும் ஏறக்குறைய இதே தொகை தர முன்வந்ததாக அவர்களே சொன்னார்கள். ஆக அங்கேயும் பணம் தீர்மானிக்கவில்லை, வெற்றி தீர்மானித்தது. ஏஞ்சல்ஸில் அவர் என்ன இழந்தார் என்பதற்கு இந்த ஒப்பந்தத்தையே நான் சாட்சியாக வைப்பேன்.

சியாட்டில்_மழை:

அந்த வாரம் டொராண்டோ ரசிகர்கள் பட்ட பாடு நினைவிருக்கா? டிசம்பர் 8, அவர் டொராண்டோவுக்குப் பறந்துட்டு இருக்கார்னு செய்தி. ஊரே விமானத்தை வரைபடத்துல பின்தொடர்ந்துச்சு. கடைசியில உள்ளே இருந்தது ஒரு கனடா தொழிலதிபர் குடும்பம். அடுத்த நாள் டாட்ஜர்ஸ்னு அறிவிப்பு. பாவம், 2025 ஜனவரியில ஜப்பான் பிட்ச்சர் ரோக்கி சசாகி விஷயத்துலயும் கடைசிச் சுற்று வரை வந்து தோத்தாங்க. அவரும் இவாத்தேல பிறந்தவர், அவரும் 23 வயசுல அதே வரம்புக்குள்ள, 65 லட்சம் டாலருக்கு டாட்ஜர்ஸ்ல சேர்ந்தார். தன் பந்தோட வேகம் ஏன் குறைஞ்சுதுன்னு அணிகளுக்கு வீட்டுப்பாடம் வேற கொடுத்தாராம். ஓட்டானி கேள்வித்தாளோட பிள்ளை அது.

ஏழாம்_இன்னிங்ஸ்:

ஸ்கோர்கார்டு, 2023-ல் அவர் வெற்றியைத் தேடினார் என்பது சரி. 29 வயதில், தன்னால் இரண்டும் முடியும் என்று உலகத்துக்கே காட்டியபின் அவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 23 வயதில் அந்தக் கேள்வி அவருக்கு இல்லை. அதே மனிதர், வேறு தேவை. நேஷனல் லீகிலும் அதற்குள் டிஎச் வந்துவிட்டது. தொடக்க பிட்ச்சர் வெளியேறினாலும் டிஎச் ஆகத் தொடரலாம் என்று 2022-ல் அவரை மனதில் வைத்தே விதியையும் எழுதிவிட்டார்கள். 2017-ல் இவை எதுவும் கிடையாது.

ஸ்கோர்கார்டு:

வாதம் வலுவாக இருக்கிறது, மறுக்கவில்லை. என் நிலையிலிருந்து பாதி தூரம் வருகிறேன்: லீகைத் தேர்ந்தெடுத்தது சரி. அந்த லீகுக்குள் ஏஞ்சல்ஸைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தம் தீரவில்லை. ரேஞ்சர்ஸிலும் டிஎச் உண்டு, அவர்கள் 2023-ல் கோப்பையே வென்றார்கள்.

புதுசா_வந்தவன்:

ஏஞ்சல்ஸ் காலத்துல அவர் ஆடினதுல எதை முதல்ல பார்க்கலாம்? மூணு ஆட்டம் சொல்லுங்க.

ஏழாம்_இன்னிங்ஸ்:

2018 ஏப்ரல் 8, ஓக்லாந்து ஆட்டம், மேலே சொன்னேன். 2021 ஆல்ஸ்டார் ஆட்டம். ஒரே ஆள் தொடக்க பிட்ச்சர், முதல் மட்டையாளர். மூன்றாவது 2023 ஜூலை 27, டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து ரன்னே இல்லாமல் முடித்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன். இரண்டையும் அதே வரிசையில், ஒரே மூச்சில் பாருங்கள்.